ஜம்பு மரத்தில் பிஞ்சு கிள்ளலாமா?

3 மார்ச் 2024, காலை. ஒரு வாசகியின் கேள்வி

ஆப்பிள் மரத்தில் காய் பிடித்ததும் பாதிக்கு மேல் பிஞ்சைக் கிள்ளிப் போட வேண்டும் என்று படித்தேன். பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டு வாசலில் ஆறு வருட ஜம்பு ஆயர் மரம் ஒன்று நிற்கிறது. இதையும் தண்ணீர் ஆப்பிள் என்றுதானே சொல்கிறார்கள்? கொத்துக் கொத்தாகப் பிடிக்கிறது, ஆனால் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாவதற்குள் பாதி உதிர்ந்துவிடுகிறது. மீதியில் புழு. அந்த வைத்தியம் இதற்கும் ஆகுமா அண்ணே? காய்க்கிற மரத்தில் கை வைக்காதே என்கிறார் மாமியார்.

3 மார்ச், இரவு

கிள்ளலாம். கிள்ளித்தான் ஆக வேண்டும். நான் சொன்னதாக மட்டும் மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

பெயரை வைத்து உறவு கொண்டாட முடியாது. ஆப்பிள் ரோஜாக் குடும்பம். நம் ஜம்பு நாவலுக்கும் கொய்யாவுக்கும் கிராம்புக்கும் பங்காளி. ஆனால் அடிப்படைக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். இலை சமைக்கிறது, காய் சாப்பிடுகிறது. பத்துப் பேருக்கு வடித்த சோற்றுக்கு நாற்பது பேர் பந்தியில் உட்கார்ந்தால் யாருக்கும் வயிறு நிறையாது. ஒரு பழம் ஒழுங்காகத் திரள முப்பது நாற்பது இலை வேண்டும் என்பது ஆப்பிள் தோட்டக்காரர்களின் கணக்கு. உங்கள் ஜம்புவில் ஒரு கொத்தில் எத்தனை பிஞ்சு, அதைச் சுற்றி எத்தனை இலை என்று நாளைக் காலையில் எண்ணிப் பாருங்கள். பதில் தானாகத் தெரியும்.

கொத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு விடுங்கள். முதலில் மரம் தன் பங்குக்கு உதிர்த்து முடிக்கட்டும், அப்புறம் கை வையுங்கள்.

4 மார்ச்

நேற்று ஒன்று விட்டுப்போனது. பிஞ்சைப் பிடித்து இழுக்காதீர்கள். நான் முதல் முறை அப்படித்தான் செய்தேன். ஒன்றை இழுத்தால் கொத்தே கையோடு வந்தது, கூடவே விரல் நீளத்துக்குப் பட்டையும் உரிந்தது. கவாத்துக் கத்தரி இல்லாவிட்டால் நூல் வெட்டுகிற கத்தரி போதும். காம்பில் கொஞ்சத்தை விட்டு வெட்டுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கெரெங்கா எறும்புக்கு நீங்கள் நல்லது செய்ய வந்தவர் என்று தெரியாது.

6 மார்ச்

"பினாங்கில் ஆப்பிள் சூப்பர்மார்க்கெட்டில்தான் காய்க்கிறது, உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

2017 கடைசியில் மகளைப் பார்க்க டாஸ்மேனியா போனேன். ஹோபார்ட்டுக்குத் தென்மேற்கே ஹியூவான் பள்ளத்தாக்கு. அந்தத் தீவுக்கே ஆப்பிள் தீவு என்று ஒரு பெயர் உண்டு, அதில் பாதிப் பெருமை இந்தப் பள்ளத்தாக்குடையது. அங்கே அக்டோபரில் பூ, நவம்பரில் பிஞ்சு. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள், நூறு மரத்துக்கு மேல் இல்லாத சின்னத் தோட்டம், பெரும்பாலும் ஃபியூஜி. சும்மா உட்கார்ந்திருந்தால் குளிர் எலும்புக்குள் போகிறதே என்று உதவிக்குப் போனேன். பத்து நாள். கூலி இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாளி செர்ரி கொடுத்தார்.

முதல் நாள் ஏணியைச் சாத்திக்கொண்டு ஒரு மரத்தை எடுத்துக்கொண்டேன். கொத்துக்கு ஐந்தாறு பிஞ்சு, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது, மேலே மெல்லிய பஞ்சு போல் பூனைமுடி. எதைக் கிள்ளுவது? எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. கொத்துக்கு ஒன்று இரண்டு மட்டும் எடுத்து, காலை முழுவதும் ஒரே மரத்தில் போனது. பத்தரை மணிக்குத் தேநீரோடு வந்த அம்மாள் மரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். ஒன்றும் பேசவில்லை. கோப்பையை ஏணியின் படியில் வைத்துவிட்டு, நான் காலையெல்லாம் கிள்ளியதுபோல் இரண்டு பங்கைக் கால் மணி நேரத்தில் கிள்ளிப் போட்டார். மரத்தடி பச்சையாகிவிட்டது. நான் எண்ண ஆரம்பித்து முந்நூறோடு நிறுத்திவிட்டேன்.

அவர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். கொத்தில் நடுப்பூதான் முதலில் மலரும், அதன் பிஞ்சுதான் பெரும்பாலும் பெரிது. அதை வைத்துக்கொள். பூச்சி கடித்தது, கோணல், நிழலில் இருப்பது, காம்பு நசுங்கியது எல்லாம் போகட்டும். ஒரு பழத்துக்கும் அடுத்த பழத்துக்கும் நடுவே ஒரு சாண், கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. இன்னொரு விரலால் அந்தக் குட்டைக் கிளையின் முண்டைப் பிடித்துக்கொண்டுதான் கிள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்த வருடப் பூ அதற்குள்தான் இருக்கிறது. நான் இரண்டு முண்டைக் காயோடு பிய்த்தேன். அப்போது மட்டும் ஒரு சத்தம் கேட்டது.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். ஆப்பிள் பிஞ்சு முதல் ஐந்தாறு வாரத்தில்தான் செல்களைப் பெருக்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு புதுச் செல் அநேகமாக வராது, இருக்கிற செல் ஊதிப் பெருக்கும், அவ்வளவுதான். எத்தனை பலூன் என்பது ஆரம்பத்திலேயே முடிவாகிவிடுகிறது, அப்புறம் காற்றடிப்பதுதான் பாக்கி. காய் பெரிதாகட்டும், பார்த்துக் கிள்ளலாம் என்று காத்திருந்தால், எடுக்கப்போகிற காய்கள் அதற்குள் மற்றவற்றின் பங்கைத் தின்று முடித்திருக்கும்.

இரண்டாவது காரணம் எனக்குப் புதிது. இந்த வருடக் காய் தொங்கும்போதே அடுத்த வருடப் பூமொட்டு உள்ளே உருவாக ஆரம்பித்துவிடுகிறது. காய்க்குள் இருக்கும் விதைகள் ஜிப்ரெலின் என்கிற ஊக்கியை அனுப்பி அந்த மொட்டைத் தடுக்கின்றன. காய் மிகுந்தால் விதை மிகுதி, விதை மிகுந்தால் அடுத்த வருடம் பூ இல்லை. பூ இல்லாத வருடம் மரம் ஓய்வெடுத்து, அதற்கடுத்த வருடம் மறுபடியும் அள்ளிக் காய்க்கும். ஒரு வருடம் கல்யாண வீடு, ஒரு வருடம் மூடிய வீடு. ஃபியூஜி இதில் ரொம்ப மோசம்.

7 மார்ச்

நேற்று எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். "ஆகாயத்திலிருந்து எட்டாவது பிள்ளை என்று குரல் ஏதும் கேட்டதா? கம்சன் மாதிரி ஒவ்வொன்றாகத் தேடிப் போகிறீர்களே" என்றார் மனைவி.

7 மார்ச், மறுபடியும்

கம்சனுக்கு ஒரு பதில் தோன்றியது. குளிம் பக்கத்தில் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். அம்மா விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போய், திரும்பியதும் லயத்துக்குப் பின்னால் கீரைப் பாத்தியில் உட்காருவார். விதை தூவி முளைத்ததும் நெருக்கமாக இருப்பதைப் பிடுங்கிப் பயிர் கலைப்பார். அதை யாரும் பாவம் என்று சொன்னதில்லை, அன்று ராத்திரி அது குழம்பில் கிடக்கும். கீரையைக் கலைத்தால் சமையல், காயைக் கலைத்தால் கொலையா? இதையும் படித்துக் காட்டினேன். "கீரையைச் சாப்பிட்டோம். நீங்கள் கிள்ளியதைக் குப்பையில் போட்டீர்கள்" என்றார். இதற்குப் பதில் இல்லை.

10 மார்ச்

முதல் நாள் ராத்திரி எழுதியதில் பாதி தப்பு. அன்று அவசரத்தில் எழுதினேன்.

"மரம் தன் பங்குக்கு உதிர்க்கட்டும், அப்புறம் கை வையுங்கள்" என்றேன். ஆப்பிளில் வீட்டுத் தோட்டக்காரர்கள் அப்படிச் செய்வதுண்டு. வடநாடுகளில் ஜூன் உதிர்வு என்றே அதற்குப் பெயர், அம்மாளின் தோட்டத்தில் அது டிசம்பரில் வரும். அதுவரை காத்திருந்தால் வீணாகக் கிள்ள வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் செல் பெருகும் வாரங்கள் போய்விடும், அடுத்த வருட மொட்டின் தலையெழுத்தும் எழுதப்பட்டுவிடும். பழம் கொஞ்சம் பெரிதாகும், அடுத்த வருடம் பூக்காது. அதனால்தான் பெரிய தோட்டங்களில் பூவிலேயே, அல்லது பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போதே மருந்தடித்து உதிர்க்கிறார்கள். கை கடைசிச் சீராக்கலுக்குத்தான்.

ஜம்புவில் பூவிலும், கேசரம் என்கிற பூவிழைகள் உதிர்ந்து ஒரு வாரத்துக்குள்ளும்தான் பெரிய உதிர்வு. அதற்குமேல் காத்திருக்க வேண்டாம். பிஞ்சு கட்டைவிரல் நுனியளவு வந்ததும் வேலையை முடித்துவிடுங்கள்.

இன்னொரு தப்பும் இருக்கிறது, அது தப்பு என்று ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை, நானே மாட்டிக்கொண்டேன். ஆப்பிளின் இரண்டாவது காரணத்தை அவ்வளவு நீட்டி எழுதினேனே, அது ஜம்புவுக்கு ஒட்டவே ஒட்டாது. நம் ஜம்பு வருடத்துக்கு ஒரு பூ என்று விரதம் இருக்கும் மரமல்ல. நாலு நாள் வெயில், ஒரு மழை, உடனே மொட்டு. என் மரத்தில் கிழக்குக் கிளையில் பழம் தொங்கும்போது மேற்குக் கிளையில் பூ வந்திருக்கிறது. விதையும் பாதிப் பழத்தில் இல்லை. ஆக, அடுத்த பருவத்தைக் காப்பாற்றக் கிள்ளுகிறேன் என்று நான் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது மூன்று காரணம்: பழத்தின் அளவு, புழு வைக்காமல் பை கட்டும் வசதி, கிளை முறியாமல் இருப்பது.

இது போதுமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால் ஒரு சோதனை. மரத்தில் ஒரே அளவான, ஒரே பக்கம் வெயில் விழும் இரண்டு கிளைகளைப் பிடித்தேன். ஒன்றில் சிவப்புக் கயிறு கட்டினேன், அதில் கொத்துக்கு மூன்று. மற்றதைத் தொடவில்லை. பழுக்கும்போது சமையலறைத் தராசில் நிறுக்கிறேன். தண்ணீர்மலை முருகன் கோயிலில் கொடுத்த கயிறு அது, மரம் தப்பாக நினைக்காது.

15 மார்ச்

கேள்வி கேட்ட வாசகி எழுதியிருக்கிறார். சொன்னபடி கொத்துக்கு மூன்று விட்டுக் கிள்ளினாராம். அன்று சாயங்காலமே காற்றும் மழையும். விட்டதில் பாதி தரையில். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கி ஒரு தட்டில் போட்டு நடுக்கூடத்து மேசையில் வைத்திருக்கிறாராம்.

தங்கச்சி, இது என் தப்பு. ஒரே தவணையில் முடிக்கச் சொல்லியிருக்கக் கூடாது. முதல் தடவை ஐந்தாறு விடுங்கள், பத்து நாள் கழித்து, பை கட்டும்போது, மூன்றாக்குங்கள். ஹியூவானிலும் இரண்டு முறை போவார்கள். அங்கே காரணம் காற்று மட்டுமில்லை, முதல் முறை யாருக்கும் மனம் வராது என்பதும்தான்.

தட்டில் இருக்கும் பிஞ்சை உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் சர்க்கரை போட்டுக் குலுக்கிக் கொடுங்கள். துவர்க்கும். ஆனால் சமாதானத்துக்கு உதவும்.

22 மார்ச்

பை.

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். இங்கே ஜம்புவைக் கெடுப்பது பெரும்பாலும் பழ ஈ. பெண் ஈ தோலில் ஊசி போல் குத்தி உள்ளே முட்டையிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், கடித்தால் நெளியும். கொத்தில் பத்துக் காய் நெருக்கிக்கொண்டிருந்தால் பைக்குள் அடங்காது, அடக்கினாலும் ஒன்றோடொன்று உரசி, ஈரம் தங்கி, அழுகிவிடும். மூன்று என்றால் அடங்கும். சொல்லப்போனால் கொத்துக்கு மூன்று என்ற என் கணக்கே இலையை எண்ணி வந்ததல்ல, பையின் வாயை அளந்து வந்தது. 3ஆம் தேதி இலை சமைக்கிறது, காய் சாப்பிடுகிறது என்று பெரிய வேதாந்தமாக எழுதிவிட்டேன்.

தெளிவான பிளாஸ்டிக் பை, அடியில் இரண்டு மூலையையும் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி மீன் வளர்க்கலாம். வாயை ரஃபியா கயிற்றால் கிளையோடு கட்டுங்கள், காம்போடு கட்டாதீர்கள். பெலிம்பிங் என்கிற நட்சத்திரப் பழத்துக்கு நான் பழைய நாளிதழில் பை ஒட்டுகிறேன். அதற்கும் இதே கதைதான், கலைக்காமல் சுற்ற முடியாது. தோட்டங்களில் கலைப்பதும் சுற்றுவதும் ஒரே ஆள் ஒரே நடையில் செய்கிற வேலை.

துளசியைக் கசக்கிப் பாட்டிலில் போட்டால் ஈ வருமா என்று கேட்டவருக்கு: வரும். துளசியில் மெத்தில் யூஜினால் இருக்கிறது, கடையில் விற்கும் பொறியிலும் அதுதான். ஆனால் வந்து விழுவது ஆண் ஈ. முட்டையிடும் பெண் ஈ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாட்டில் நிறைந்திருப்பதைப் பார்த்து மகிழலாம், பழத்துக்குப் பை கட்டியே ஆக வேண்டும்.

23 மார்ச்

ஆப்பிளுக்கு அடிக்கும் உதிர்ப்பு மருந்தை ஜம்புவுக்கு அடிக்கலாமா என்று ஒருவர். வேண்டாம். அதில் பல காலமாகப் பேர்போன கார்பரில் உண்மையில் ஒரு பூச்சிக்கொல்லி, தேனீயைக் கொல்லும். ஐரோப்பாவில் அதை நிறுத்தியே பல வருடமாகிறது. ஒரு வாசல் மரத்துக்குக் கத்தரி போதும்.

28 ஏப்ரல்

தராசு பேசிவிட்டது. மூன்று வாரமாகப் பழுக்கப் பழுக்கப் பறித்து நிறுத்துச் சமையலறை நாட்காட்டியில் எழுதினேன்.

சிவப்புக் கயிறு கட்டிய கிளை: 24 பழம், 1 கிலோ 600 கிராம். தொடாத கிளை: 58 பழம், 1 கிலோ 900 கிராம்.

ஆமாம், தொடாத கிளையில் மொத்த எடை அதிகம். கிள்ளினால் மொத்த எடை குறையாது, மிச்சப் பழங்கள் ஈடுகட்டிவிடும் என்று பலரிடம் அடித்துச் சொல்லி வந்திருக்கிறேன். குறைகிறது. கயிற்றுக் கிளையில் சராசரி 67 கிராம், மற்றதில் 33. இரட்டிப்பு அளவு, ஆனால் எண்ணிக்கையில் போனதை அளவு முழுக்கத் திருப்பித் தரவில்லை. பையில் போட்ட 24இல் இரண்டில்தான் புழு. 58இல் பை போட முடிந்தது கொஞ்சம், புழு வைத்தது 31. அதைக் கழித்தால் கணக்கு தலைகீழாகிறது. சாப்பிட முடிந்த பழம் என்று பார்த்தால் கயிற்றுக் கிளை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, தொடாத கிளை ஒரு கிலோவைத் தொடவில்லை.

இதிலும் ஒரு ஓட்டை. ஜெயித்தது கிள்ளியதா, பையா? இரண்டையும் ஒரே கிளையில் செய்துவிட்டேன். கிள்ளாமல் எல்லாவற்றுக்கும் பை போட்ட மூன்றாவது கிளை ஒன்று வேண்டும். அடுத்த காய்ப்பில் பார்க்கிறேன்.

1 மே

"சின்னப் பழம்தான் இனிப்பு, பெரிதானால் வெறும் தண்ணீர்" என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் இருவருக்கும் கண்ணைக் கட்டிக் கொடுத்துப் பார்த்தேன். ஒருத்தி பெரியதுதான் என்றாள், ஒருவன் ஐஸ்கிரீம் வேண்டும் என்றான். என் நாக்குக்குப் பெரியது இனிப்பு, ஆனால் என் நாக்கு என் பக்கம்தான் சாட்சி சொல்லும். ஒன்று மட்டும் உண்மை: பறிப்பதற்கு முன் மூன்று நாள் மழை பெய்தால் சின்னதும் பெரியதும் ஒரே ருசி, பச்சைத் தண்ணீர்.

16 ஜூன்

தடம் மாறுகிறேன். நேற்று பாலிக் புலாவ் போனேன், டுரியான் பருவம். மலைச்சரிவில் தோட்டம் வைத்திருக்கும் தவுக்கே, அதாவது முதலாளி, முப்பது வருடப் பழக்கம். அங்கே இரண்டு வகை மரம். அப்பா காலத்து விதை மரங்கள், கோயில் கோபுரம் மாதிரி, கீழே வலை விரித்து விழுவதைப் பொறுக்குவதோடு சரி. அவற்றில் யாரும் பிஞ்சு கிள்ளுவதில்லை, ஏற முடிந்தால்தானே. அணில் கிள்ளுகிறது. இன்னொரு பக்கம் ஒட்டு மரங்கள், ஆங் ஹே, மூசாங் கிங், கொஞ்சம் கருமுள், ஏணிக்கு எட்டும் உயரம். கிள்ளுவது இவற்றில்தான்.

டுரியான் பூ சாயங்காலம் விரியும், ராத்திரி வௌவால் வரும், விடிவதற்குள் கேசரமெல்லாம் உதிர்ந்து மரத்தடி பாய் விரித்த மாதிரி இருக்கும். ஒரு கொத்தில் இருபது முப்பது பூ. மரமே நிறைய உதிர்த்துவிடும். அதற்கு மேலும் மிஞ்சுவதைத் தவுக்கே கோழி முட்டை அளவில் ஒரு தடவை, கைமுட்டி அளவில் இன்னொரு தடவை குறைக்கிறார். கொத்துக்கு ஒன்று, கிளை தடியாக இருந்தால் இரண்டு. கிளை நுனியில் இருப்பது எல்லாம் போக வேண்டும், நடுமரத்துக்குப் பக்கத்தில் தடித்த இடத்தில் தொங்குவது இருக்கலாம். வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தால் உள்ளே சில அறையில் சுளை இல்லை, மகரந்தம் சரியாகச் சேரவில்லை, அதுவும் போகட்டும்.

உங்களுக்கு மனது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன், கம்சன் கதையை மனதில் வைத்து. "மூலா சயாங், நந்தி சயாங்" என்றார். நம் ஊர் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காக: மலாயில் சயாங் என்றால் பாசம், சயாங் என்றால் வீணாய்ப் போச்சே என்ற அங்கலாய்ப்பும். ஆரம்பத்தில் சயாங் பார்த்தால் பின்னால் சயாங். அப்புறம் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரத்தைக் காட்டினார். மூன்று வருடத்துக்கு முன் முதல் காய்ப்பு, ஆசையில் நாற்பது காய் விட்டாராம். பெரிய கிளை ஒன்று பிளந்து விழுந்து, மரம் அதற்கப்புறம் இரண்டு பருவம் பூக்கவில்லை. வெட்டுக்காயம் இன்னும் மூடவில்லை. அந்த மரத்தில் இந்த வருடம் ஒன்பது காய்.

ஆக, மார்ச் 10இல் நான் தூக்கிப்போட்ட இரண்டாவது காரணம் டுரியானில் வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது. விதை ஊக்கி அனுப்புகிறதா என்ற பேச்சுக்கு நான் போகவில்லை. அந்த மரம் களைத்துப்போனதைக் கண்ணால் பார்த்தேன்.

19 ஜூன்

மாவடு போடுவது பிஞ்சு கலைத்தல்தானே என்று கேட்டு ஒருவர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். அரை நாள் மகிழ்ந்தேன். உடனே தஞ்சாவூர்ப் பக்கத்து அக்கா ஒருவர், வடுவுக்கென்று தனி நாட்டு மரம் உண்டு, பழத்துக்கு வைத்த ஒட்டு மரத்து வடு அந்த வாசனை வராது என்று வெட்டிவிட்டார். சரி அக்கா.

பலாவில் மட்டும் கம்சன் தப்பிக்கிறான். கிளை தாங்காத பிஞ்சுப் பலாவை வெட்டினால் அன்றைக்குத் தேங்காய்ப்பால் கறி. கத்திக்கு எண்ணெய் தடவாவிட்டால் ஒரு வாரம் பிசினோடு வாழ வேண்டும்.

8 செப்டம்பர்

ஆப்பிளையே இங்கே வளர்த்தால் என்ன, பினாங்குக் கொடிமலையில் குளிர்தானே என்று கேட்கிறார்கள். கொடிமலை 833 மீட்டர். நமக்குச் சட்டை தேடும் குளிர், ஆப்பிளுக்கு அது வெயில் காலம். பெரும்பாலான வகைகளுக்கு 7 பாகைக்குக் கீழே எண்ணூறு ஆயிரம் மணி நேரமாவது தூங்கினால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். அன்னா என்றொரு வகை இருநூறு முந்நூறு மணியில் எழுந்துவிடும், அதுகூட இங்கே கிடைக்காது.

ஆனால் கிழக்கு ஜாவாவில் மாலாங் பக்கம் பாத்து என்ற மலையூரில் ஆப்பிள் விளைகிறது, நிஜமாகவே. தூக்கத்துக்குப் பதிலாக மரத்தின் இலையையெல்லாம் கையால் உருவிவிடுகிறார்கள். மரம் குளிர்காலம் வந்து போய்விட்டது என்று ஏமாந்து துளிர்த்துப் பூக்கிறது. வருடத்துக்கு இரண்டு காய்ப்பு. பிஞ்சைக் கிள்ளும் என்னைக் கம்சன் என்றவர் இதற்கு என்ன சொல்வார் என்று கேட்டேன். "துச்சாதனன்" என்று சட்டென வந்தது பதில்.

3 நவம்பர்

தீபாவளிக்கு மகள் வந்திருந்தாள். இந்த இழை முழுவதையும் கைப்பேசியில் படித்துவிட்டு மூன்று திருத்தம் கொடுத்தாள். நான் வேலை செய்தது பத்து நாள் அல்ல, நான்கு நாள். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை என்பது பொய், நிறையப் பேசினார், எனக்கு அந்த உச்சரிப்பு புரியவில்லை. பிய்த்தது இரண்டு முண்டு அல்ல.

எத்தனை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

16 பிப்ரவரி 2025

தைப்பூசம் முடிந்து ஐந்து நாள். இரண்டு வாரமாக நல்ல வெயில், ஜம்பு மொட்டு வைத்துவிட்டது. சித்திரைக்குப் பழம்.

மூன்றாவது கிளைக்கு ஆள் பார்த்தாகிவிட்டது, நீலக் கயிறு: கிள்ளாமல் எல்லாவற்றுக்கும் பை. சின்னப் பையில் அடங்காது என்பதால் மளிகைக் கடைப் பெரிய பைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கிளை தாங்குமா என்பது வேறு விஷயம், கீழே ஒரு முட்டுக்கம்பு கொடுக்க வேண்டியிருக்கும்.

புக்கிட் மெர்தாஜாம் தங்கச்சி நேற்று எழுதினார். இந்தத் தடவை மாமியாரே நாற்காலி போட்டு ஏறிக் கத்தரியோடு நிற்கிறாராம், கொத்துக்கு இரண்டுதான் விடுகிறாராம், மூன்று போதுமே அத்தை என்றால் கேட்பதில்லையாம். என்ன செய்வது என்று கேட்கிறார். நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.